நாற்பத்தொரு நாள் அணையாத கிராஸ்ஓவர்

எங்கள் வீட்டுக்கு ஒரு கைக்குழந்தையும் ஸ்பீக்கருக்கான ஒரு கிராஸ்ஓவரும் ஒரே வாரத்தில் வந்து சேர்ந்தன. இரண்டில் எதை நாற்பத்தொரு நாள் கண்ணும் கருத்துமாகப் பார்த்துக்கொள்ள வேண்டும் என்பதில் எனக்கும் என் மனைவி முத்துவடிவுக்கும் கருத்து வேறுபாடு இருந்தது. அவள் குழந்தையை என்றாள். அவளுக்கு ஒலியைப் பற்றி ஒன்றும் தெரியாது.

நான் குத்தாலிங்கம். தென்காசியில் ஓர் அரசு அலுவலகத்தில் முப்பத்தோரு வருஷம் குப்பை கொட்டிக் கண்காணிப்பாளராக ஓய்வு பெற்றவன். ஓய்வு பெற்ற மறுநாள் காலை பத்து மணிக்கு என்னிடம் கையெழுத்துக் கேட்க ஒரு ஜீவன் இல்லை. மேஜைமேல் இருந்த மரப் பெயர்ப்பலகையை வீட்டுக்கு எடுத்து வந்திருந்தேன். முத்துவடிவு அதைக் கட்டிலுக்கு அடியில் தள்ளிவிட்டாள். பொழுது போகட்டும் என்று ஒரு ஹோம் தியேட்டரை வாங்கி ஹாலில் வைத்தேன். அதிலும் ஒரு குறை வந்தது.

"பாட்டு வந்தா செவுரு அதிருது. பேசுனா ஒண்ணும் வெளங்க மாட்டேங்கு. வாயை மட்டும் அசைக்கான்" என்றாள் முத்துவடிவு.

வடகரையில் டிவி, மிக்ஸி பழுதுபார்க்கும் பரீதை வரச்சொன்னேன். அவர் செருப்பைக் கழற்றியபடியே பார்த்துவிட்டுச் சொன்னார்: "அண்ணாச்சி, நடு ஸ்பீக்கரக் கொண்டுபோய் ஷோகேசுக்கு அடித்தட்டுல வச்சிருக்கிய. பேச்சு முக்காவாசி அதுலதான் வருது. மேல தூக்கி வச்சா சரியாப் போவும்."

இவ்வளவு எளிதில் தீரும் என்றால் அது கோளாறே இல்லை என்பது என் அலுவலக அனுபவம். பரீதுக்குக் காப்பி கொடுத்து அனுப்பிவிட்டு, நேரே குற்றாலத்துக்குப் பஸ் ஏறி, ஒலியின் தரத்தை ஆராய்வதற்கென்றே இருக்கும் நுண்செவியர் மன்றத்தில் விண்ணப்பம் கொடுத்தேன்.

மன்றம் ஒரு லாட்ஜின் மாடியில் இருந்தது. உள்ளே நுழைந்ததும் எனக்குக் கண் கலங்கிவிட்டது. மூன்று வகை ரப்பர் முத்திரை, இரண்டு வண்ண மை, அனுப்புகைப் பதிவேடு, வருகைப் பதிவேடு, சிவப்பு நாடா கட்டிய கோப்புகள். ஓய்வு பெற்ற பிறகு நான் பார்த்த முதல் நாகரிகமான இடம் அதுதான். சுவரில் ஒரு பெரிய பலகை. அதில் 'பொற்செவியர்' என்ற தலைப்பின்கீழ் ஏழு பெயர்கள் தங்க எழுத்தில் இருந்தன. எட்டாவது இடம் காலியாக இருந்தது. என் பெயர் அதில் சரியாக அடங்குமா என்று கண்ணாலேயே அளந்து பார்த்தேன். அடங்கும்.

தலைவர் சந்தானகிருஷ்ணன் ஓய்வு பெற்ற பொறியாளர், வயது எழுபத்து நான்கு. புதிய உறுப்பினர்களுக்காக ஓர் உரை நிகழ்த்தினார். புதிய உறுப்பினர் நான் ஒருவன்தான்.

"ஒலி எல்லாருக்கும் கேட்கும் என்று பாமரன் நினைக்கிறான். எல்லாருக்கும் கேட்பது வெறும் சத்தம். நமக்கு மட்டும் கேட்பதுதான் ஒலி. நமக்கும் கேட்காததுபோல் ஒன்று இருக்கிறதே, அதுதான் உத்தமமான ஒலி. அதை நோக்கித்தான் இந்த மன்றம் பதினெட்டு வருஷமாக நடைபோடுகிறது. இன்னும் எட்டவில்லை என்பதே நம் தகுதிக்குச் சான்று."

செயலர் அய்யாத்துரை முதல் ஆளாகக் கை தட்டினார். நானும் தட்டினேன். ஒன்றும் புரியவில்லை என்றாலும், புரியாத உரைக்குக் கை தட்டுவது எனக்குப் பழக்கமான வேலைதானே.

சேர்வது அவ்வளவு சுலபமாக இல்லை. விண்ணப்பதாரருக்கு இரண்டு காது உண்டு என்று ஒரு பொறுப்பான அதிகாரி சான்றொப்பம் தர வேண்டும். நான் பணியில் இருந்திருந்தால் எனக்கு நானே போட்டிருப்பேன். பழைய அலுவலகத்துக்குப் போய், என் நாற்காலியில் உட்கார்ந்திருந்தவரிடம் காதைக் காட்டிக் கையெழுத்து வாங்கினேன். அவர் இடது காதை இரண்டு தரம் பார்த்தார். விதி தெரிந்தவர்.

அடுத்தது அருவிச் சோதனை. மெயினருவிக்கு முன்னால் கால் மணி நேரம் நின்று, காதில் விழுந்ததை அரைப் பக்கத்துக்கு எழுத வேண்டும். சீசன் தொடங்கிச் சாரல் அடித்துக்கொண்டிருந்தது. எண்ணெய் தேய்த்த உடம்புகள் நடுவே, பேன்ட் சட்டையோடு, கையில் நோட்டுப் புத்தகத்தோடு மன்றத்தார் நாலு பேர் கண்ணை மூடி நின்றோம். எண்ணெய் தேய்த்துவிடுகிற ஒருவர் கேட்காமலே தலைவர் தலையில் ஒரு கை எண்ணெய் வைத்துத் தட்டிவிட்டுப் போனார். தலைவர் கண்ணைத் திறக்கவில்லை. போலீஸ்காரர் விசில் ஊதி, "குளிக்கலன்னா வெளிய வாங்க சார், எதுக்கு வழிய அடைச்சிட்டு நிக்கிய?" என்றார். அய்யாத்துரை அந்த விசிலைக் குறித்துக்கொண்டு, "மேல் ஸ்தாயி கொஞ்சம் கூர்மை" என்று எழுதினார்.

நான் 'தண்ணீர் விழும் சத்தம்' என்று எழுதிக் கொடுத்தேன். தோல்வி. மறுவாரம் 'நடுவில் லேசான வெண்கல வாடை, அடியில் ஈரமான நிதானம்' என்று எழுதினேன். தேர்ச்சி. அந்த வாரம் வெள்ளம் என்று அருவிப் பக்கமே யாரையும் விடவில்லை. பஸ் நிலையத்துக்கு எதிரே ஒரு டீக்கடையில் உட்கார்ந்துதான் எழுதினேன். இதைச் சொல்ல எனக்கு வெட்கமாகத்தான் இருக்கிறது, ஆனால் அன்று பெருமையாக இருந்தது.

அதன்பிறகு மன்றத்தார் என் வீட்டுக்கு ஆய்வுக்கு வந்தார்கள். அய்யாத்துரை ஸ்பீக்கர் பெட்டியின் திருகுகளைக் கழற்றி உள்ளே பார்த்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டார். பெட்டிக்குள்ளே கிராஸ்ஓவர் என்று ஒரு சிறிய பலகை இருக்கும். வருகிற ஒலியைப் பிரித்து, கீச்சுக் குரலைச் சின்ன ஸ்பீக்கருக்கும் தடித்த குரலைப் பெரிய ஸ்பீக்கருக்கும் அனுப்புவது அதன் வேலை. அலுவலகத்தில் தபால் பிரிக்கும் குமாஸ்தா மாதிரி. என் வீட்டுக் குமாஸ்தா தகுதியற்றவர் என்று தீர்ப்பாயிற்று. அவரை நீக்கிவிட்டு, வெளியே தனியாக, சொந்தமாக மின்சாரம் வாங்கிக்கொண்டு ஓடும் புதிய கிராஸ்ஓவர் ஒன்றை மன்றமே செய்து கொடுத்தது. பச்சை விளக்கு எரியும் ஒரு கறுப்புப் பெட்டி.

"ஒரு மண்டலம் இதை அணைக்கக் கூடாது. நாற்பத்தொரு நாள் ஓடி ஓடித்தான் உள்ளே இருக்கும் பாகங்களுக்குப் பக்குவம் வரும். ஒரு நிமிஷம் அணைந்தாலும் கணக்கு முதலிலிருந்து. நாற்பத்தொன்றாம் நாள் இறுதி ஆய்வு. தேறினால் எட்டாவது பெயர்" என்றார் தலைவர்.

சபரிமலைக்கு மாலை போட்டவன்கூட அவ்வளவு பயபக்தியாக இருந்திருக்க மாட்டான்.

அதே வாரம்தான் என் மகள் உமா பிரசவமாகி ஆஸ்பத்திரியிலிருந்து பெண் குழந்தையோடு வீட்டுக்கு வந்தாள். ஹாலை ஒட்டிய அறையில் படுக்கை போட்டோம். நடுவில் ஒரு திரைச்சீலைதான். மாடியில் இன்னோர் அறை இருக்கிறது, ஆனால் பிள்ளை பெற்றவள் படி ஏறக் கூடாது என்று முத்துவடிவு சொல்லிவிட்டாள். இலஞ்சியில் உமாவின் மாமியார் வீடு. மூன்று மாதம் தாய் வீட்டில் இருந்துவிட்டுத்தான் அங்கே போக வேண்டும் என்பது எங்கள் பக்கத்து முறை. அதற்கு முன்னால் போனால், பெற்றவர்கள் சரியாகப் பார்க்கவில்லை என்று ஊரே பேசும்.

குழந்தை வந்த அன்றிலிருந்து அழுதது. பால் குடிக்கும், அழும். கண்ணை மூடும், வெடுக்கென்று விழித்து அழும். வசம்பு சுட்டு உரைத்து வைத்தாள் முத்துவடிவு. உப்பு மிளகாய் சுற்றி அடுப்பில் போட்டாள். டாக்டர் பார்த்துவிட்டுக் குழந்தைக்கு ஒரு குறையுமில்லை என்றார்.

மூன்றாம் நாள் பராமரிப்புக்காக இரண்டு மணி நேரம் கரண்டை நிறுத்தினார்கள். குழந்தை அயர்ந்து தூங்கிற்று. என் மண்டலம் கலைந்துபோன துக்கத்தில் நான் அதைக் கவனிக்கவில்லை. அன்றைக்கே கிராஸ்ஓவரை இன்வெர்ட்டரில் கொடுத்தேன். மறுநாள் காலை பதினொன்று இருபதுக்கு, நல்ல நேரம் பார்த்து, நாள் கணக்கை முதலிலிருந்து தொடங்கினேன். கரண்ட் போனால் மின்விசிறி நிற்கும், விளக்கு அணையும். என் பச்சை விளக்கு மட்டும் எரியும்.

ஒரு நாள் உமா கேட்டாள்: "யப்பா, ஙீன்னு ஒரு சத்தம் கேக்குதே, காதுக்குள்ள ஊசி குத்துத மாதிரி. எங்க இருந்து வருதுன்னுதான் பிடிபடல. ஒங்களுக்குக் கேக்கலையா?"

எனக்குக் கேட்கவில்லை. முத்துவடிவுக்கும் கேட்கவில்லை. பெற்ற பாசத்தில் நான் ஒரு முழு விசாரணை நடத்தினேன். மின்விசிறியை அணைத்தேன், "இன்னும் கேக்குது" என்றாள். ஃபிரிட்ஜ், டியூப்லைட், பக்கத்து வீட்டு மோட்டார், கொசு மட்டை, சுவர்க் கடிகாரத்தின் பேட்டரி என்று ஒவ்வொன்றாக நிறுத்தினேன். எல்லாவற்றுக்கும் "இன்னும் கேக்குது" என்றாள். வீட்டில் நான் தொடாதது ஒரே ஒரு பொருள்தான். அதைத் தொடக் கூடாது என்று விதி. ஆகவே காரணம் கண்டறியப்படவில்லை என்று விசாரணையை முடித்தேன்.

இருந்தாலும் மனசு கேட்காமல் மன்றத்துக்கு ஒரு மனு எழுதினேன். நாலாம் நாள் பதிவுத் தபாலில் பதில் வந்தது.

'பார்வையில் காணும் தங்கள் மனு பரிசீலிக்கப்பட்டது. மேற்படி குழந்தையும் அதன் தாயாரும் மன்ற உறுப்பினர்கள் அல்லர். அவர்களின் செவிகள் தரப்படுத்தப்படவில்லை. தேர்வுக் குழுவினர் எழுவரும் அறுபது வயது நிரம்பிய பழுத்த செவியர். அவர்களுக்குக் கேளாத ஒன்று ஒலி என்ற வரையறைக்குள் வராது. எனவே அழுகைக்கு மன்றம் பொறுப்பேற்க இயலாது. குழந்தையின் வயது அறுபது பூர்த்தியான பின் உரிய படிவத்தில் விண்ணப்பிக்கலாம்.'

ஒப்பம், முத்திரை, நாள். குறை சொல்ல முடியாத கடிதம். இப்படி ஆயிரம் கடிதம் நானே எழுதியிருக்கிறேன். வாங்கிக்கொள்வது எப்படி இருக்கும் என்று அப்போதுதான் தெரிந்தது.

முப்பத்தெட்டாம் நாள் முத்துவடிவு கீரை ஆய்ந்துகொண்டே ஆரம்பித்தாள்.

"ஏங்க, ஒண்ணு கேக்கேன். ஆஸ்பத்திரில பிள்ளை அழுதுச்சா?"

"இல்ல."

"அன்னைக்குக் கரண்ட் நின்னப்ப தூங்குச்சுல்லா? அதுக்குப் பொறவு எத்தன தடவ கரண்ட் போச்சு, ஒரு தடவையாவது தூங்குச்சா? நடுவுல நீங்க என்னத்த மாத்துனிய?"

அவள் கீரைக் காம்பால் கறுப்புப் பெட்டியைக் காட்டினாள். "அந்தச் சவத்தத் தூக்கிப் போடுங்க."

அந்த நிமிஷமே எனக்குத் தெரிந்துவிட்டது. இதை நான் ஒளிக்கப்போவதில்லை. தெரிந்தும், "இன்னும் மூணே மூணு நாள், முத்து" என்றேன். அறுபது வருஷ வாழ்க்கையில் நான் பேசிய வார்த்தைகளில் இதைத்தான் முதலில் அழிக்க வேண்டும்.

உமா திரைச்சீலைக்கு அந்தப் பக்கம் இருந்து கேட்டிருக்கிறாள். கத்தவில்லை, அழவில்லை. "சரிப்பா. நாப்பத்தொண்ணாம் நாள் ஒங்களுக்கு ஆய்வு முடியட்டும். அன்னைக்கே அத்தைய காரோட வரச் சொல்லுதேன். அங்கனயாவது என் பிள்ளை தூங்கட்டும்" என்றாள். முத்துவடிவு அன்று எனக்குக் கீரை வைக்கவில்லை. சோறு மட்டும் வைத்தாள்.

நாற்பத்தொன்றாம் நாள் காலை பத்தரைக்கு மன்றத்தார் வந்தார்கள். ஹாலில் நாற்காலி போட்டேன். கேசரி, காப்பி. சட்டம் போட்ட சான்றிதழை அய்யாத்துரை மடியில் வைத்திருந்தார். என் பெயர் தலைகீழாகத் தெரிந்தது. எழுத்துப் பிழை இல்லை. பதினொன்று இருபதுக்கு மண்டலம் நிறையும், அந்த விநாடியில் கையில் தருவதாக ஏற்பாடு.

அறைக்குள் குழந்தை வீறிட்டது. உமாவின் பை வாசல் பக்கத்தில் இருந்தது.

முதலில் பாட்டு போடாமல் ஸ்பீக்கரின் மௌனத்தை ஆய்வு செய்வது முறை. தலைவர் கண்ணை மூடினார். எல்லாரும் மூடினோம். குழந்தையின் அழுகைக்கு நடுவே ஐந்து நிமிஷம் மௌனத்தைக் கேட்டோம்.

"அடடா! இப்படி ஒரு சுத்தமான மௌனத்தை நான் கேட்டதில்லை. பின்னணியில் ஒரு தூசி இல்லை. குத்தாலிங்கம், எனக்கு எழுபத்து நாலு வயசாகிறது. வருஷா வருஷம் என் வீட்டு ஸ்பீக்கரில் இரைச்சல் குறைந்துகொண்டே வருகிறது. போன வருஷத்திலிருந்து என் வீட்டுக் காலிங்பெல்கூடத் தொந்தரவு செய்வதில்லை. அவ்வளவு பக்குவம்" என்றார் தலைவர்.

அப்போது பரீது உள்ளே வந்தார். முத்துவடிவு போன் போட்டு வரச்சொல்லியிருக்கிறாள். கைபேசியில் ஒரு செயலியைத் திறந்து ஸ்பீக்கர் முன்னால் நீட்டினார். திரையின் ஓர் ஓரத்தில் ஒரு கோடு மட்டும் விறைப்பாக எழுந்து நின்றது.

"அண்ணாச்சி, இந்தா பாருங்க. பதினஞ்சாயிரம் ஹெர்ட்ஸுக்கு மேல ஒரு கீச்சு விடாம வருது. அந்தப் பெட்டிக்குள்ள கரண்ட் குடுக்குத பாகம் சரியில்ல. சின்ன ஸ்பீக்கர் வழியா அப்படியே வெளிய வருது. வயசானவங்களுக்குக் கேக்காது. சின்னப் பிள்ளைக்குக் காதக் கிழிக்கும்."

"கண்ணால் பார்ப்பது ஒலி ஆகாது. ஆனாலும் மன்றம் ஜனநாயகமானது. இந்தக் கீச்சு கேட்பவர்கள் கை தூக்கலாம்" என்றார் தலைவர்.

யாரும் தூக்கவில்லை. நானும் தூக்கவில்லை, கேட்டால்தானே? உமா குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு அறையிலிருந்து வந்து கையைத் தூக்கினாள். குழந்தை முகம் சிவந்து, இரண்டு கையையும் விரித்து உதறி உதறி அழுதது.

"உறுப்பினர் அல்லாதோர் கை மூன்று. தள்ளுபடி. கீச்சு இல்லை என்று ஏகமனதாகத் தீர்மானிக்கப்படுகிறது" என்று அய்யாத்துரை பதிவேட்டில் எழுதினார்.

வாசலில் கார் வந்து நின்றது. இலஞ்சி சம்பந்தியம்மாள் இறங்கி வந்தார். உமா குனிந்து பையை எடுத்தாள். என்னை ஒரு தரம் பார்த்தாள். கோபம் இருந்திருந்தால் தாங்கியிருப்பேன். தூக்கம் கெட்ட கண், அவ்வளவுதான். கடிகாரத்தில் பதினொன்று பதிமூன்று. இன்னும் ஏழு நிமிஷம். சான்றிதழில் என் பெயர், பலகையில் எட்டாவது இடம், கட்டிலுக்கடியில் கிடக்கும் மரப்பலகை எல்லாம் ஒரே நேரத்தில் ஞாபகம் வந்தன. ஏழு நிமிஷம்தானே, அதுவரை ஒரு காப்பி குடியுங்கள் என்று சம்பந்தியம்மாளிடம் சொல்ல வாயைத் திறந்தேன். நிஜமாகவே திறந்தேன். அப்பேர்ப்பட்ட ஆள் நான்.

குழந்தை அழுது அழுது குரல் கம்மி, விக்கிற்று.

எழுந்து போய்ப் பிளக்கைப் பிடுங்கினேன்.

பச்சை விளக்கு அணைந்தது. குழந்தை அழுகையைப் பாதியில் நிறுத்தியது. உதறிய கை கீழே இறங்கியது. ஒரு பெருமூச்சு விட்டு, உமாவின் கழுத்தில் முகத்தை வைத்துக் கண்ணை மூடிக்கொண்டது. உமா கையிலிருந்த பையைக் கீழே வைத்தாள்.

தலைவர் முகத்தைச் சுளித்தார். "பிடுங்கியதும் மௌனம் தட்டையாகிவிட்டது. ஆழமே இல்லை. என்ன காரியம் செய்தீர் குத்தாலிங்கம்!"

"நாப்பது நாள், இருபத்து மூணு மணி, அம்பத்து மூணு நிமிஷம்" என்று அய்யாத்துரை பதிவேட்டில் எழுதி, 'மண்டலம் பங்கம்' என்று முத்திரை வைத்தார். அப்படி ஒரு முத்திரையையும் கையோடு கொண்டுவந்திருந்தார். மீதிக் கேசரியை முடித்துவிட்டு, சான்றிதழை எடுத்துக்கொண்டு எல்லாரும் கிளம்பினார்கள். சம்பந்தியம்மாள் காப்பி குடித்துவிட்டு, "பிள்ளை இங்கனயே நல்லாத் தூங்குதே, பொறவு எதுக்கு என்னைய அலைய விட்டிய?" என்று கேட்டுவிட்டுத் தனியாகவே காரில் திரும்பினார்.

பரீது பழைய கிராஸ்ஓவரைத் திரும்ப மாட்டினார். அப்படியே நடு ஸ்பீக்கரை அடித்தட்டிலிருந்து தூக்கி மேலே வைத்தார். மெல்லிய சத்தத்தில் சீரியல் ஓடியது. ஒவ்வொரு வார்த்தையும் தெளிவாகக் கேட்டது. "இப்பம்தான் வாயத் திறந்து பேசுதான்" என்றாள் முத்துவடிவு. இதெல்லாம் தொடங்கும் முன்பே பரீது சொன்னதுதானே என்று அவள் கேட்கவில்லை. கேட்டிருக்கலாம்.

உமாவும் குழந்தையும் அசந்திருந்தபோது நான் கறுப்புப் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். இத்தனை நாளில் எங்கள் வீட்டு ஒலியில் நடந்த ஒரே நிஜமான மாற்றம் இன்று காலை பதினொன்று பதிமூன்றுக்கு நடந்தது. பிறந்து ஐம்பது நாள் ஆகாத குழந்தைக்கு அது தெரிந்தது. அதன் தாய்க்குத் தெரிந்தது. அருவிச் சோதனையில் தேறிய எனக்கு மட்டும், பிளக்கைப் பிடுங்கும் முன்னும் பின்னும், ஒரு வித்தியாசமும் தெரியவில்லை.

ஒரே ஒரு தடவை மாட்டிப் பார்க்கலாமா என்று கை பிளக்கின் பக்கம் போனது. முத்துவடிவு தொட்டிலை ஆட்டுவதை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தாள்.

கையை எடுத்துக்கொண்டேன்.